பிளாட்பாரத்தில் சொன்ன பெயர்

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்குவார்கள். காரமடைக்குச் சுற்றுப்பட்டில் எட்டாம் வகுப்பான மூன்றாம் பாரம் தேறிய பிள்ளையை வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் ஹைஸ்கூலில் நாலாம் பாரம் சேர்ப்பதா, இத்தோடு நிறுத்திவிடுவதா என்று முடிவுக்கு வர முடியாத தாய்மார்கள். கூட வரும் ஆண்கள் மாட்டு வண்டியை விட்டு இறங்குவதில்லை. "நீ போய் வெவரமாக் கேட்டுட்டு வா" என்று மனைவியை அனுப்பிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பயம் அவர்களுக்கும்தான். ஆனால் அதை உள்ளே வந்து காட்டிக்கொள்ள மனமில்லை.

நான் வரிசையாகச் சொல்வேன். இதுவரை தமிழில் படித்த சரித்திரமும் கணக்கும் இனி இங்கிலீஷில் நடக்கும். முதல் பரீட்சையில் மார்க்கு குறைந்தே தீரும். அதைப் பார்த்துவிட்டு மாடு மேய்க்க அனுப்பிவிடாதீர்கள். எல்லாப் புத்தகத்தையும் தினம் சுமக்க விடாதீர்கள், எந்த நாளுக்கு எந்தப் பாடம் என்று பள்ளியில் எழுதிப் போடுவார்கள். வகுப்பு வாத்தியாரைத் தாயோ தகப்பனோ ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், பிள்ளை யாருடையது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். காலையில் வெறும் வயிற்றோடு வண்டி ஏற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வேலை சொல்லாதீர்கள், தூங்கட்டும்.

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கடைசியாக நான் சொல்வது ஒன்று இருக்கிறது: பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுங்கள். அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்காமல் கேட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், என் மகள் நாலாம் பாரம் சேர்ந்த ஆனி மாதத்தைச் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து மின்சாரம் வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் கணவர் பாக்கு மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போகிறவர். வீட்டில் நானும், மகளும், அவருடைய தாயாரும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அன்றன்று நடந்ததைப் படுக்கப் போகுமுன் குறித்து வைக்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே உண்டு. அதனால் அந்த மாதம் எனக்கு மங்காமல் இருக்கிறது. குறித்து வைத்திருக்காவிட்டாலும் மங்கியிருக்காது.

மகள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் பாரம் தேறியதும் அவளுடைய வாத்தியார் வீடு தேடி வந்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைய நிறுத்திப்போடாதீங்க. கணக்குல இவளுக்கு மிஞ்சி ஆருமில்லீங்க" என்று என் கணவரிடம் சொன்னார்.

"ரயில்ல போய் வரோணுமேங்க, பொம்பளப் புள்ளை."

"காத்தால ஒரு வண்டி, பொழுதோட ஒரு வண்டி. பொம்பளைங்களுக்குன்னு பெட்டியே தனியா இருக்குதுங்க. டேசனுக்குப் பக்கத்துலயே பொண்ணுங்க ஹைஸ்கூலு. இதைவிட வேற என்னங்க வேணும்?"

என் கணவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது என்னை அல்ல, என் மாமியாரை. மாமியார் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"படிக்கட்டும். நான் வேண்டாங்கல" என்றார். "ஆனா ஒண்ணு. தம்பி பேரன் இருக்கறான். தை மாசம் வெச்சுக்கலாம்னு தம்பி கேட்டுட்டே இருக்கறான். வயசுக்கு வரப் போற புள்ளைய ரயில்ல உட்டுட்டு நான் இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வண்டியத் தவற உட்டு ஊடு வந்து சேரலீன்னாலும் அன்னைக்கோட படிப்பு நின்னுபோச்சு. தையில கலியாணம். சம்மதம்னா அனுப்புங்க."

"செரிங்கம்மா" என்றார் என் கணவர். வாத்தியாரும் "செரிங்க" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கோயமுத்தூருக்கு நான் கல்யாணத்துக்கும் நோம்பி திருவிழாவுக்கும் போயிருக்கிறேன், எப்போதும் பத்துப் பேர் நடுவில். தனியாக அந்த ஸ்டேஷனில் நின்றதில்லை. கண்ணை மூடினால் மகள் ஒரு பெரிய கூட்டத்துக்குள் நடந்து போவாள், நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன், கூட்டம் மூடிக்கொள்ளும். பகலிலும் அதுவே. அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் நின்றிருக்கிறேன்.

பயம் பொறுக்க முடியாமல்தான் நான் திட்டம் போட ஆரம்பித்தேன். மகளை எதிரில் உட்கார வைத்து, அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வருவது வரை ஒவ்வொரு அடியாகச் சொல்லிக் கொடுத்தேன். மாலையில் பள்ளி ஆயா ஸ்டேஷன் வாசல் வரை கொண்டு வந்து விடுவாள். உள்ளே நுழைந்ததும் முன்னால் இருக்கும் பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும். மேம்பாலப் படியில் ஏறவே கூடாது. யாரோடும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கடைசியில் இருக்கிற கார்டு பெட்டிக்கு முந்திய பெட்டியில் பெண் தலைப் படம் போட்டிருக்கும், அதுதான் பெண்கள் பெட்டி. ஏறி, ஜன்னலோரம் உட்கார வேண்டும். அழைத்துப் போக வந்தவர் இன்னும் வரவில்லையென்றால் இறங்கித் தேடக் கூடாது. அவள் எங்களைத் தேட, நாங்கள் அவளைத் தேட, இருவரும் தொலைந்துபோவோம். புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. அந்தச் சித்திரையில் ஒரு பேச்சு ஊரெல்லாம் உலவியது. மில் ரோட்டில் ஒரு பெண் குழந்தையை, "அம்மணி, உங்கப்பாரு கூட்டியாரச் சொன்னாரு" என்று எவனோ அழைத்துப் போய்க் காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு விட்டுவிட்டானாம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணாய்ப் பிறந்த எல்லாருக்கும் அம்மணி என்றுதானே பெயர். காய்க்காரி கூப்பிடுவது அம்மணி, பஸ்காரன் கூப்பிடுவது அம்மணி. கூப்பிடுகிறவன் யார் என்று அந்தச் சொல்லிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

"டவுன்ல அம்மணின்னு ஆரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்காதே. காது கேக்காத மாதிரி இருந்துக்க" என்றேன்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கூப்புட்டாலுமாங்கம்மா?"

"நான் எதுக்குக் கூப்புடறேன்? சொன்ன எடத்துல நீ இருந்தீன்னா கூப்புட வேண்டிய வேலையே இல்லையே."

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். "ரயிலு ஓட்டறவனுக்கும் நாலு வார்த்த சொல்லி அனுப்பு, பாவம், அவன் தடுமாறிப் போவான்."

நான் மகளை அம்மணி என்று கூப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வழக்கப்படி மூத்த மகளுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பெயரை வைப்பார்கள். என் மகளுக்கு என் மாமியாரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. கணவர் பெயரைச் சொல்லாததைப் போலத்தான் இதுவும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததல்ல. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பதைப் போல உடம்பே தெரிந்து வைத்திருப்பது. அவள் பிறந்து பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. பள்ளியில் சேர்த்தபோது என் கணவர் சொன்னார். பள்ளியில் வாத்தியார்களும் கூடப் படிப்பவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளை அழைத்தார்கள். வீட்டுக்குள் வந்தால் அம்மணி.

பள்ளி திறந்தது. முதலில் என் கணவரே காலையில் கொண்டு போய் விட்டு, பகலெல்லாம் டவுனில் ஏதாவது வேலை பார்த்துவிட்டு, மாலையில் அழைத்து வந்தார். ஒவ்வொரு நாளும் மாலை வண்டியின் ஊதல் தோப்புக்கு அப்பால் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு முழுதாக வரும். மகள் முதல் வாரம் அழுதாள். சரித்திரம் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றாள். வாத்தியார் முன்பே எச்சரித்திருந்ததால் நான் அதற்குப் பயப்படவில்லை. மறுநாள் பாடத்தை முதல் நாளே உரக்கப் படிக்கச் சொன்னேன். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது, ஆனாலும் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டாம் வாரம் அவள் அழவில்லை.

அப்போதுதான் வெள்ளகோவிலில் உறவில் ஒரு சாவு விழுந்தது. என் கணவர் போகாமல் இருக்க முடியாது.

"நீ கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துரு. ஒரு நாளுதானே" என்றார்.

காலையில் போனது ஒன்றும் தெரியவில்லை. மகள்தான் என்னை அழைத்துப் போனாள் என்று சொல்ல வேண்டும். எந்தப் பெட்டி, எங்கே இறங்குவது எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. பள்ளி வாசலில் விட்டேன். "வண்டியில எடம் புடிச்சு வெச்சிருக்கறேன், நேரா வந்து ஏறிக்க" என்றேன். பிறகு ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து, பெண்கள் காத்திருக்கும் அறையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் தரை அதிர்ந்தது, நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் நேரத்தோடு எழுந்து வெளியே வந்தேன். எதிரே பிளாட்பாரத்தில் வண்டி நின்றிருந்தது. ஏறப் போனேன். ஆனாலும் ஏறுவதற்கு முன் ஒரு தரம் கேட்டுக்கொள்ளலாம் என்று, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கூலிக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இது மேட்டுப்பாளையம் வண்டிதானுங்க?"

"இல்லீங்கம்மணி. இது ஈரோடு போறதுங்க. மேட்டுப்பாளையம் வண்டிய இன்னைக்கு அக்கட்டால நிறுத்தியிருக்கறாங்க. பாலம் ஏறி எறங்குங்க. வெசையாப் போங்க."

நான் பாலம் ஏறினேன். ஏறும்போது என் மனத்தில் இருந்தது ஒன்றுதான்: பெண்கள் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும். மகளும் என்னைப் போலவே யாரையாவது கேட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேனா, ஒன்றும் நினைக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் இறங்கி, பெண் தலைப் படம் போட்ட பெட்டியைக் கண்டுபிடித்து, ஜன்னலோரத்தில் சோற்று மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் உறைத்தது. நான்தானே அவளிடம் சொன்னேன், உள்ளே நுழைந்ததும் முன்னால் நிற்கிற வண்டி என்று. படியேறவே கூடாது என்று. யாரோடும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று. என் மகள் என்னைப் போன்றவள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

இறங்கி ஓடி வந்து பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றேன். நடுவில் இரண்டு தண்டவாளம். எதிர்ப்பக்கத்தில் ஈரோடு வண்டி. அதிலும் கார்டு பெட்டிக்கு முந்தியது பெண்கள் பெட்டிதான். அதன் ஜன்னலோரத்தில், குனிந்த தலையும் ஒற்றைப் பின்னலும், மடியில் விரித்த புத்தகமுமாக என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணீ!"

அந்த வண்டியின் ஜன்னல்களில் எத்தனையோ தலைகள் திரும்பின. கிழவிகள் திரும்பினார்கள். கைக்குழந்தை வைத்திருந்தவள் திரும்பினாள். ஓர் அம்மாள் "என்னையவா?" என்று மார்பில் கை வைத்துக் கேட்டாள். நான் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடியும் கத்தினேன். "அம்மணீ! அம்மணீ!" என் பக்கத்து வண்டியிலும் தலைகள் நீண்டன. அத்தனை பேரும் திரும்பிய இடத்தில் ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. காது கேட்காத மாதிரி இருந்துக்க என்று நான் சொல்லியிருந்தேன். அவள் அப்படியே இருந்தாள். அவள் தோள் கொஞ்சம் இறுகியதைக்கூட நான் பார்த்தேன். கேட்டிருக்கிறது. பயந்திருக்கிறாள். யாரோ டவுன்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து, இன்னும் குனிந்துகொண்டாள்.

பாலத்தை நோக்கி ஓடலாம் என்று திரும்பினேன். பாலம் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. தலைக்கு மேலே தூரத்தில் சிக்னல் கைகாட்டி இறங்கி வழி விட்டிருந்தது. ஈரோடு வண்டிக்குத்தான். நான் ஏறி இறங்குவதற்குள் அது போய்விடும். எனக்கு அப்போது ஈரோடு தெரிந்தது. நான் ஈரோட்டைப் பார்த்ததில்லை, ஆனாலும் இருட்டின பிறகு அங்கே அவள் இறங்கி நிற்பது தெரிந்தது. அம்மணி என்று அவளை எவனோ கூப்பிடுவதும் தெரிந்தது.

கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வந்தார். பேச்சு வெளியூர்ப் பேச்சு.

"என்னம்மா, ஏன் இப்படிக் கத்தறீங்க?"

"என்ற பொண்ணுங்க. அந்த வண்டியில மாத்தி ஏறிட்டாளுங்க. அதா, அந்த சன்னல்ல. எப்படியாச்சும் எறக்கிப்போடுங்க சாமி."

"பேரு என்ன? சொல்லுங்க, நான் கூப்பிடறேன்."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"பேரு சொல்லுங்கம்மா, வண்டி கிளம்பப் போகுது!"

"என்ற மாமியாரு பேருங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்க மாமியார் பேரு எனக்கு எப்படியம்மா தெரியும்?"

"மருதமலைச் சாமி இருக்கறாருங்களே, அவரு சம்சாரத்துப் பேருங்க."

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் இப்படித்தான் சொல்லுவோம், கேட்கிறவர்களும் புரிந்துகொள்வார்கள். அந்த நல்ல மனிதரும் புரிந்துகொண்டார். இரண்டு கையையும் வாயில் குவித்து, தண்டவாளத்துக்கு அப்பால் கேட்கும்படி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் மருதமலை முருகனுக்கு மனைவியர் இருவர். அவர் கூப்பிட்டது மற்றவளை. எதிர் வண்டியில் எவளோ ஒரு பெண் அந்தப் பெயருக்குத் தலையை நீட்டினாள். என் மகள் பக்கத்தைப் புரட்டினாள்.

கார்டு பச்சைக் கொடியை விரித்தார்.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்ல முயல்கிறேன். அந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். மனத்துக்குள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது தொண்டை வரை வந்தது. தொண்டையில் என் மாமியார் நின்றார். முறத்தோடு நின்றார். இதைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே முடியாது என்றும் தோன்றியது. ஊதல் ஊதியது.

நான் பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்பது சரியல்ல. அது அலறல். என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் தலை நிமிர்ந்தது. மகள் நேராக என்னைப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை, வியப்புத்தான் இருந்தது. வகுப்பில் வாத்தியார் கூப்பிட்டால் எழுந்திருப்பதைப் போலச் சட்டென்று எழுந்து நின்றாள்.

"எறங்கு! அது ஈரோடு வண்டி! எறங்கு!" என்று கத்தினேன். கத்தியபோதே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்துவிட்டாள் அல்லவா, என் பக்கத்துக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் குதித்துவிட்டால்? மறுபடியும் பெயரைச் சொல்லி, "அக்கட்டால எறங்கு! அக்கட்டால!" என்று கையை வீசினேன். ஜன்னலிலிருந்து அவள் மறைந்தாள். வண்டி நகர்ந்தது.

பெட்டிகள் எனக்கும் அவளுக்கும் நடுவே மெதுவாகப் போயின. ஜன்னல், ஜன்னல், கதவு, ஜன்னல். அவள் இறங்கினாளா, இறங்கும்போது வண்டி நகர்ந்து கால் தவறினாளா, இன்னும் உள்ளேயே கதவோடு போராடிக்கொண்டிருக்கிறாளா என்று ஒன்றும் தெரியவில்லை. பெண் தலைப் படம் போட்ட பெட்டி என்னைக் கடந்தது, அதில் அவளைக் காணவில்லை. கடைசியாகக் கார்டு பெட்டியும் கடந்தது. வண்டி போன பிறகு எதிர்ப் பிளாட்பாரம் தெரிந்தது.

அங்கே என் மகள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கையை அந்தக் கூலிக்காரர் பிடித்திருந்தார்.

நான் பாலத்தை நோக்கி ஓடினேன். படியில் ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் மேட்டுப்பாளையம் வண்டி ஊதியது. அது போவதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். என் சோற்று மூட்டை அதிலேயே போயிற்று.

மகளைத் தொட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"வாத்தியாரம்மா கூப்புட்டாங்கன்னு நெனச்சேங்கம்மா. நீங்கன்னு தெரியவே இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வண்டி தவறிப்போச்சுங்களே. இனி பள்ளிக்கூடம் இல்லைங்களா?"

பஸ் எங்கே நிற்கும் என்று கூலிக்காரரிடம் கேட்டேன்.

மேட்டுப்பாளையம் போகும் பஸ் ஒன்றில் கூலிக்காரரே எங்களை ஏற்றிவிட்டார். வழியெல்லாம் மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் ஒரு பயத்தை விட்டு இன்னொரு பயத்துக்குள் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாதே, வண்டி தவறியதை மட்டும் சொல்லலாம், பெயர் சொன்னதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு யோசனை. வண்டி தவறியதே போதுமே, படிப்பு முடிந்ததே என்று ஒரு யோசனை.

விளக்கு வைத்த சற்று நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் மாமியாரின் தம்பியுடைய மாட்டு வண்டி நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அன்று சந்தைக்குப் போய்விட்டு அதே மேட்டுப்பாளையம் வண்டியில்தான் அவரும் இருந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எங்களுக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்லியும் முடித்திருந்தார்.

மாமியார் தூணருகே நின்றிருந்தார். மகளை மட்டும் பார்த்து, "போய்க் கை கால் கழுவிட்டுச் சோறு தின்னு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"நாலு சனத்துக்கு நடுவுல, அக்கா, உன்ற பேர அப்படிக் கூவறா. எனக்குத் தலைய வெளிய நீட்ட முடியல. அத்தன அவமானம்" என்றார் தம்பி. "புள்ளைய ரயில்ல அனுப்பாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். இதோட நிறுத்திப்போடு. தையில முடிச்சுரலாம்."

மாமியார் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ற பேரச் சொன்னயா?"

"சொன்னனுங்கத்தை."

"எத்தன வாட்டி?"

"ரெண்டு வாட்டிங்கத்தை."

"அதுக்கு முந்தி என்ன பண்ணீட்டு இருந்தே?"

"அம்மணின்னு கூப்புட்டனுங்க. திரும்பலீங்க. அப்பறம் அந்தக் கோட்டுக்காரருகிட்ட மருதமலைச் சாமி சம்சாரம்னு சொன்னனுங்க. அவரு மாத்திக் கூப்புட்டுப்போட்டாருங்க."

மாமியாரின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"கொடி காட்டற வரைக்கும் விடுகதை போட்டுட்டு நின்னியாக்கும்" என்றார். "மொத வாட்டியே பேரச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வண்டியப் புடிச்சிருக்கலாமல்ல?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

தம்பி, "அக்கா, நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்கினார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ வண்டியிலதான உக்காந்துட்டு இருந்தே? என்ற பேத்தி வேற வண்டியில போறான்னு தெரிஞ்சுதல்ல? எறங்கி ஓட உனக்குக் காலில்லையா? பேரு கேட்டதும் அவமானமாப் போச்சாம். புள்ளை ஈரோடு போயிருந்தா என்னடா ஆயிருக்கும்?"

தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாப்பிடாமலே போய்விட்டார். மாட்டு வண்டியின் சத்தம் அடங்கும் வரை மாமியார் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி தவறுனது தவறுனதுதான்" என்றார் பிறகு. படிப்பு போயிற்று என்று நினைத்தேன். "ஆனா ஊடு வந்து சேந்துட்டா. நான் சொன்னது ரெண்டும். வண்டியத் தவற உட்டு, ஊடும் வந்து சேரலீன்னா. ஊடுதான் வந்தாச்சே."

அன்று அவர் சொன்ன வார்த்தை அதுவேதான். ஆனால் அவர் நினைத்துச் சொன்ன பொருள் அது அல்ல. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுக்களைக்குள் போகத் திரும்பியவர் நின்று, "இந்த ஊட்டுக்குள்ள வேண்டாம். எனக்குக் காது கூசும்" என்றார். "டேசன்ல மட்டும் சொல்லிக்க."

மறுநாள் காலையும் நானே அவளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போனேன். என் கணவர் இன்னும் திரும்பவில்லை. மாலையில் நானும் டவுனில் இருப்பேன் என்றாலும், இந்தத் தடவை மகளிடம் பிளாட்பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த வண்டி என்று யாரையாவது கேள், கேட்டு ஏறு என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்வதே எனக்குப் பயமாக இருந்தது. தெரியாதவர்களோடு பேசு என்றல்லவா சொல்கிறேன்.

வண்டி வரும் ஓசை கேட்டது. சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நேற்று வந்தது பயத்தில் வந்தது. பயம் இல்லாதபோது வருமா? சுற்றிலும் பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயருகே கொண்டுபோய், அவள் பெயரைச் சொன்னேன்.

மகள் திரும்பவில்லை. வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் சத்தமாங்கம்மா. இப்படிச் சொன்னா ஈரோட்டுலதான் எறங்குவேன்."